பங்குக் கிணறு

பத்மாவதி: தண்ணி சோதிக்கிற பிள்ளை மூண்டு மணிக்கு வாறன் எண்டவ. மூண்டேகால் ஆச்சுது.

சுதாகரன்: ஆவணியிலை வாறம் எண்டிட்டு மார்கழியிலை வாற ஆக்கள். கால் மணித்தியாலத்துக்கு ஏன் மச்சாள் கோவிக்கிறியள்?

பத்மாவதி: பகிடி விடாதை.

சுதாகரன்: பகிடி இல்லை. ஆவணியிலை வந்திருந்தால் வரம்பிலை பூத்துக் கிடந்த உப்பை அள்ளிக் கையிலை குடுத்திருக்கலாம். போத்திலும் வேண்டாம், மீற்றரும் வேண்டாம்.

பத்மாவதி: இப்ப மழை எல்லாத்தையும் கழுவிப்போட்டுது.

சுதாகரன்: எங்கடை வயித்தெரிச்சலை மட்டும் கழுவேல்லை.

பத்மாவதி: ...நீ ஏன் வேலியோடை நிக்கிறாய்? கிணத்தடியிலை வந்து இரன்.

சுதாகரன்: இதிலை நிழல்.

பத்மாவதி: மார்கழியிலை நிழல் தேடுற ஆள் வலிகாமத்திலை நீ ஒராள்தான்.

சுதாகரன்: நீங்கள் மட்டும் என்ன? கிணத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறியள்.

பத்மாவதி: எனக்குக் கழுத்து வலி.

சுதாகரன்: ...இண்டைக்கு இறைக்கப் போறியளோ?

பத்மாவதி: ஏன்?

சுதாகரன்: உங்கடை முறையெல்லோ.

பத்மாவதி: இறைக்கேல்லை. நிலம் ஈரமாக் கிடக்கு.

சுதாகரன்: நல்லது.

பத்மாவதி: என்ன நல்லது?

சுதாகரன்: இல்லை... அவ தண்ணி எடுக்கேக்கை கலங்காமல் இருக்குமெல்லோ.

பத்மாவதி: அதைத்தான் நானும் நினைச்சனான். நாளைக்கு உன்ரை முறை. நீயும் இறைக்காதை.

சுதாகரன்: இறைக்கேல்லை. விட்டுக் குடுக்கிறன்.

பத்மாவதி: ஆருக்கு?

சுதாகரன்: ஆருக்குமில்லை. கிணத்துக்கு.

பத்மாவதி: நீயோ? கொண்ணையின்ரை செத்தவீட்டண்டு பிரேதம் முத்தத்திலை கிடக்க, உன்ரை முறையெண்டு வந்து மிசின் போட்ட ஆள் நீ.

சுதாகரன்: பயிர் செத்தவீடு பாக்காது எண்டு சொல்லித் தந்ததே அண்ணைதான். நீங்கள் மட்டும் திறமோ? எட்டுச் செலவு முடிஞ்ச மற்ற நாள் விடிய, அண்ணையின்ரை பங்கு என்ரை பங்கு எண்டு மிசினிலை கை வைச்சுக்கொண்டு நிண்டனீங்கள்.

பத்மாவதி: வைக்காமல்? ஒருநாள் விட்டிருந்தால் நீ அதையும் உன்ரை முறையெண்டு சொல்லியிருப்பாய்.

சுதாகரன்: சொல்லியிருப்பன்தான். உங்கடை வெங்காயம் நுனி கருகுது மச்சாள். ஈரம் எண்டுறியள். வரம்பாலை வரேக்கை பாத்தனான், புழுதி பறக்குது.

பத்மாவதி: உன்ரை மட்டும் என்ன, தளதள எண்டோ நிக்குது? சும்மா இரு.

சுதாகரன்: சும்மாதான் இருக்கிறன்.

பத்மாவதி: தேத்தண்ணி குடிக்கிறியோ? பிளாஸ்கிலை கொண்டந்தனான். அந்தப் பிள்ளைக்கும் சேத்து.

சுதாகரன்: ...எந்தத் தண்ணி?

பத்மாவதி: எந்தத் தண்ணி எண்டால்? எங்கடை கிணத்துத் தண்ணிதான்.

சுதாகரன்: இண்டைக்கு அள்ளினதோ?

பத்மாவதி: நேற்று மத்தியானம் அள்ளிக் குடத்திலை வைச்சது. ஏன் கேக்கிறாய்?

சுதாகரன்: சும்மா. தாங்கோ.

பத்மாவதி: எப்பிடி?

சுதாகரன்: நல்லாக் கிடக்கு. மழைக்குப் பிறகு தண்ணி இனிச்சுப்போச்சு, என்ன?

பத்மாவதி: ஓம். அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு.

சுதாகரன்: எனக்கும்.

பத்மாவதி: வெய்யிலுக்கை வா, வா எண்டு கத்தினம். ஒருத்தரும் வரேல்லை. இப்ப மழைத்தண்ணி நிக்கேக்கை வந்து அள்ளிக்கொண்டு போய், நல்ல தண்ணி, கல்லுக்கிடங்காலை ஒரு பழுதும் இல்லை எண்டு எழுதப் போகினம்.

சுதாகரன்: திங்கக்கிழமை கூட்டத்திலை கிடங்குக்காரனுக்கு இன்னும் ரெண்டு வரியம் வெட்ட அனுமதி குடுத்திடுவினம்.

பத்மாவதி: ரெண்டு வரியமோ? என்ரை வேலியோடை நிக்கிறான். ஆறு மாசத்திலை இந்தக் கிணத்தடியும் போயிடும். மகள் கோபிகாவுக்கெண்டு எழுதி வைச்ச காணி இது. கிடங்கைச் சீதனமாக் குடுக்கிறதோ?

சுதாகரன்: மாப்பிள்ளைக்கு நீந்தத் தெரியுமோ எண்டு கேட்டுப்போட்டுக் குடுங்கோ.

பத்மாவதி: உனக்கு வாய் மட்டும் வத்தாது.

சுதாகரன்: மிச்சமெல்லாம் வத்திப்போச்சு மச்சாள்.

பத்மாவதி: ...கேக்குதே, அவன்ரை மிசின்.

சுதாகரன்: அது எப்ப கேக்காமல் இருந்தது? இரவு பகலா இறைக்கிறான். இந்தக் குறிச்சியிலை முறை இல்லாத ஆள் அவன் ஒருத்தன்தான்.

பத்மாவதி: முதல்லை குளம் வெட்டுறம், மழைத்தண்ணி தேக்கிறம் எண்டெல்லோ சொன்னவன்.

சுதாகரன்: குளம்தான். தலைகீழான குளம். கல்லை வெட்டி எடுக்கவேணுமெண்டால் அடியிலை ஊறுற தண்ணியை இறைச்சுக்கொண்டே இருக்கவேணும். அவன்ரை கிடங்கிலை ஊறுறது எங்கடை ஊத்து. அதைக் குழாய் போட்டுக் கடலுக்கு விடுறான். எங்கடை தண்ணி கடலுக்குப் போகுது, கடல் தண்ணி எங்கடை கிணத்துக்கு வருது. மாத்துச் சம்பந்தம்.

பத்மாவதி: உன்ரை மூத்தவன்தானே அந்தக் கல்லை ஏத்திக்கொண்டு போறான்.

சுதாகரன்: ...

பத்மாவதி: இல்லையெண்டு சொல்லன்.

சுதாகரன்: அவன் டிப்பர் ஓடாட்டில் இன்னொருத்தன் ஓடுவான். தோட்டத்திலை வெங்காயம் வந்திருந்தால் அவன் ஏன் அங்கை போறான்?

பத்மாவதி: நான் பிழை சொல்லேல்லை. இஞ்சை கதைக்கிறது அங்கை போயிடும் எண்டுதான்...

சுதாகரன்: எது போனது?

பத்மாவதி: ஒண்டும் போகேல்லை. போகக் கூடாது எண்டு சொன்னனான்.

சுதாகரன்: என்னிலை உங்களுக்கு நம்பிக்கை இல்லை.

பத்மாவதி: பங்குக்காரரிலை நம்பிக்கை வைச்சவள் ஆர் இருக்கிறாள்?

சுதாகரன்: அது சரி... நேற்றுப் பின்னேரம் உங்கடை வீட்டை வந்தனான். பூட்டிக் கிடந்தது.

பத்மாவதி: நீர்வேலிக்குப் போனனான். வாழைக்குட்டி பாக்க.

சுதாகரன்: வாங்கினியளோ?

பத்மாவதி: விலை சரிவரேல்லை.

சுதாகரன்: நீர்வேலிக்குப் போட்டு ஒரு சீப்புப் பழமும் இல்லாமல் வந்த ஆள் நீங்கள்தான் மச்சாள்.

பத்மாவதி: நீ எங்கை போனனி? மத்தியானத்திலை இருந்து ஆளைக் காணேல்லை எண்டு உன்ரை மனுசி சொன்னவ.

சுதாகரன்: தெல்லிப்பழைக்கு. கிளினிக்.

பத்மாவதி: உன்ரை சீனிக் கிளினிக் செவ்வாய்க்கிழமையெல்லோ. நேற்று வியாழன்.

சுதாகரன்: ...நாளை மாத்திப்போட்டினம்.

பத்மாவதி: ம்.

சுதாகரன்: என்ன ம்?

பத்மாவதி: ஒண்டுமில்லை. அந்தா, வாகனம் நிக்குது. ரோட்டிலையே விட்டிட்டு வாறா.

சுதாகரன்: அந்தப் பிள்ளையோ? சின்னப்பிள்ளை மாதிரிக் கிடக்கு.

பத்மாவதி: எழுதிற கை சின்னனோ பெரிசோ, எழுத்து எழுத்துத்தான். நீ வாயைத் துறக்காதை. நான் கதைக்கிறன்.

நிவேதனா: வணக்கம் அம்மா. பிந்திப்போச்சு. நான் நிவேதனா, தண்ணிப் பரிசோதனைக்கு வந்தனான். பங்குக்காரர் ரெண்டு பேரும் நிக்கிறியளோ?

பத்மாவதி: நிக்கிறம் பிள்ளை. நான் பத்மாவதி. இது என்ரை மனுசன்ரை தம்பி சுதாகரன். மாமா கிணத்தை ரெண்டு பேருக்கும் சரிபாதியா எழுதினவர். பிள்ளை எந்த ஊர்?

நிவேதனா: உடுப்பிட்டி.

பத்மாவதி: உடுப்பிட்டியிலை எவடம்?

நிவேதனா: முதல்லை தண்ணியை எடுப்பம் அம்மா. பேந்து ஊரைக் கதைப்பம்.

சுதாகரன்: மிஸ், வாகனத்துக்குள்ளை இருக்கிறது ஆர்?

நிவேதனா: கல்லுக்கிடங்கு ஆக்கள் அனுப்பின ஆள். தண்ணி எடுக்கேக்கை அவையும் பாக்கவேணும் எண்டு சட்டம். அவருக்குச் சப்பாத்திலை புழுதி படுமாம். அங்கையிருந்தே பாக்கிறாராம்.

சுதாகரன்: கிடங்கு வெட்டுற ஆளுக்கு மண் பிடிக்கேல்லை.

நிவேதனா: ரெண்டு போத்தில் எடுப்பன். ரெண்டிலும் முத்திரை வைப்பன். ஒண்டு எங்களுக்கு, ஒண்டு அவருக்கு. பிறகு நாங்கள் ஒண்டு சொன்னம் அவை ஒண்டு சொன்னவை எண்டு வரக் கூடாது.

பத்மாவதி: முதல்லை ஒரு வாய் தேத்தண்ணி குடியுங்கோ பிள்ளை. தூர இருந்து வந்தனீங்கள்.

நிவேதனா: வேண்டாம் அம்மா...

பத்மாவதி: வந்த வீட்டிலை தண்ணி குடிக்காமல் போறதோ? இந்தாங்கோ.

நிவேதனா: சரி... ம்... அம்மா, இதுக்கை உப்புப் போட்டனீங்களோ?

சுதாகரன்: உப்போ? ஆர் உப்புப் போட்டது?

நிவேதனா: தேத்தண்ணியைச் சொல்லுறன் அண்ணை.

பத்மாவதி: சீனி பிள்ளை. ரெண்டு கரண்டி சீனி.

நிவேதனா: சீனி தெரியுது. அதுக்குக் கீழை கரிக்குது.

சுதாகரன்: நான் இப்பதானே குடிச்சனான். நல்லா இனிச்சது.

பத்மாவதி: இப்ப என்ரையைக் குடிச்சுப் பாக்கிறன்... இல்லையே. நல்லாத்தானே கிடக்கு.

நிவேதனா: எந்தத் தண்ணியிலை போட்டனீங்கள்?

பத்மாவதி: இதே கிணத்துத் தண்ணிதான். நேற்று மத்தியானம் அள்ளினது. மழையோடை இனிச்சுப்போச்சு.

நிவேதனா: ஆவணியிலை எப்பிடி இருந்தது?

சுதாகரன்: வாயிலை வைக்கேலாது. சோறு மஞ்சளா வரும். சவுக்காரம் நுரைக்காது.

நிவேதனா: ஆனால் குடிச்சனீங்கள்.

சுதாகரன்: குடிக்காமல்? தண்ணிப் பவுசர் கிழமைக்கு ஒருக்கால் வரும். வராமலும் விடும்.

நிவேதனா: எத்தினை வரியமா?

பத்மாவதி: கிடங்கு ஆழப்பட்ட நாளிலை இருந்து. மூண்டு இருக்கும்.

நிவேதனா: அப்ப அதுதான். கன நாள் உவர்த்தண்ணி குடிச்சால் நாக்குப் பழகிப்போடும் அம்மா. ஆவணித் தண்ணியோடை பாக்க உங்களுக்கு இது இனிக்கும். எனக்குக் கரிக்குது.

பத்மாவதி: ...நேற்றுத் தண்ணியோ?

நிவேதனா: இந்தத் தேத்தண்ணிதான். நல்ல உப்பு.

பத்மாவதி: நேற்று மத்தியானமே... உப்பெண்டு சொல்லுறியளோ?

நிவேதனா: ஓம் அம்மா. ஏன் பயப்பிடுறியள்? உங்களுக்கு அது நல்லதெல்லோ.

பத்மாவதி: சுதா...

சுதாகரன்: என்ன மச்சாள்?

பத்மாவதி: ஒண்டுமில்லை.

சுதாகரன்: மிஸ், இண்டைக்கு எடுக்கத்தான் வேணுமோ?

நிவேதனா: ஏன் அண்ணை?

சுதாகரன்: வெள்ளிக்கிழமை. ராகுகாலம் இல்லை, ஆனால்... நாளைக்கு எண்டால் ஆறுதலா எடுக்கலாம்.

நிவேதனா: திங்கக்கிழமை கூட்டம். நாளைக்கும் நாளையிண்டைக்கும் கந்தோர் பூட்டு.

பத்மாவதி: அப்ப நான் கொஞ்ச நேரம் இறைச்சு விடட்டோ பிள்ளை? இண்டைக்கு என்ரை முறைதான். நிண்ட தண்ணி போய்ப் புதுத்தண்ணி ஊறட்டும். பிறகு எடுங்கோ.

சுதாகரன்: ஓம், அது நல்லது. நான் மிசினைப் போடுறன்.

பத்மாவதி: நீ இரு, நான் போடுறன்.

சுதாகரன்: நான் போடுறன் மச்சாள்.

நிவேதனா: ரெண்டு பேரும் நில்லுங்கோ. இறைச்ச கிணத்திலை எடுக்கேலாது. நிண்ட தண்ணியைத்தான் எடுக்கவேணும். அங்கை அந்த ஆள் பாத்துக்கொண்டு இருக்கிறார். மிசின் சத்தம் கேட்டால் இறங்கி வந்திடுவார், சப்பாத்தோடை. கொஞ்சம் விலத்துங்கோ அண்ணை. கயிறு விடப் போறன்.

பத்மாவதி: கயிறு காணாது பிள்ளை. கிணறு ஆழம்.

நிவேதனா: காணும் அம்மா. நேற்று அளந்தனான்.

பத்மாவதி: நேற்றோ?

நிவேதனா: ஓம். ஒரு ரெண்டு மணி இருக்கும். பாதை பாக்க வந்தனான். தோட்டத்திலை ஆருமில்லை. நீங்கள் ரெண்டு பேரும் எங்கையோ போட்டியள் எண்டு பக்கத்து வளவிலை சொன்னவை.

சுதாகரன்: வந்து... தண்ணி பாத்தனீங்களோ?

நிவேதனா: மீற்றரை விட்டுப் பாத்தனான். உப்பு எல்லைக்கு மேலை நிண்டது. இவ்வளவு மழைக்குப் பிறகும் எல்லைக்கு மேலை. எனக்கே நம்பேலாமல் கிடந்தது. மேலை மழைத்தண்ணி மெல்லிசா மிதக்குது, கீழை கடல் வந்து நிக்குது. கிடங்கை நிப்பாட்ட அது காணும் அம்மா. இண்டைக்கு முறைப்படி எடுத்திட்டால் முடிஞ்சுது எண்டு நினைச்சுக்கொண்டுதான் வந்தனான்.

பத்மாவதி: அது காணுமோ?

நிவேதனா: தாராளமாக் காணும்.

பத்மாவதி: பிள்ளை... அப்ப நேற்றையதையே எழுதுங்கோவன்.

நிவேதனா: நேற்று நீங்களும் நிக்கேல்லை, அவையும் நிக்கேல்லை. அது செல்லாது. இண்டையதும் அதேதானே வரப் போகுது. ஏன் கவலைப்படுறியள்? பாருங்கோ, இப்ப மீற்றரை விடுறன்... இதென்ன?

சுதாகரன்: என்ன மிஸ்?

நிவேதனா: இருங்கோ. துடைச்சுப்போட்டுத் திரும்ப விடுறன்... இல்லை. மீற்றர் சரி. நேற்றையதை விட எத்தினையோ மடங்கு காட்டுது.

சுதாகரன்: கடல் கெதியா வந்திட்டுதாக்கும்.

நிவேதனா: ஒரு இரவிலையோ அண்ணை?

சுதாகரன்: அவன் நேற்று இரவு முழுக்க இறைச்சவன்.

நிவேதனா: அம்மா, அந்த வாளியைத் தாங்கோ. அடிச்சேறு கொஞ்சம் எடுக்கவேணும்.

பத்மாவதி: அந்த வாளி ஓட்டை.

நிவேதனா: பரவாயில்லை... கொஞ்சம் சரிச்சால்... ஓம், அடியிலை முட்டுது. இழுங்கோ அண்ணை. மெல்ல... நிலத்திலை ஊத்துங்கோ. இது என்ன அம்மா?

பத்மாவதி: கல்லு. சுண்ணாம்புக்கல்லு. இஞ்சை முழுக்க அதுதானே.

நிவேதனா: கல்லெண்டால் வாயிலை வைச்சுப் பாருங்கோ.

பத்மாவதி: ...

நிவேதனா: உப்புக் கட்டி. இந்தா இன்னொண்டு. சாக்கு நூலும் ஒட்டிக் கிடக்கு. கடல் தன்ரை உப்பைக் கரைச்சுத்தான் கொண்டுவரும் அம்மா. கட்டியாக் கொண்டுவராது.

சுதாகரன்: கிடங்குக்காரர்தான் மிஸ். உவங்கள் என்னவும் செய்வாங்கள்.

நிவேதனா: உங்கடை கிணத்தை உப்பெண்டு காட்டினால் அவைக்கு என்ன லாபம் அண்ணை? ஆர் போட்டது?

பத்மாவதி: ...

நிவேதனா: நான் பொலிஸ் இல்லை. சொன்னால் நானும் யோசிக்கலாம், என்ன செய்யலாம் எண்டு.

சுதாகரன்: எங்களுக்குத் தெரியாது மிஸ்.

பத்மாவதி: தெரியாது பிள்ளை.

நிவேதனா: சரி. அப்ப நான் கண்டதைத்தான் எழுதுவன். கிணத்துக்குள்ளை ஆரோ உப்புக் கொட்டியிருக்கு எண்டு எழுதுவன். அதுக்குப் பிறகு இந்தக் கிணத்தைப் பற்றி ஆர் என்ன சொன்னாலும் கூட்டத்திலை ஒருத்தரும் கேக்கமாட்டினம். கிட்டக் கிடக்கிற கிணறு இது ஒண்டுதான். மற்றதெல்லாம் அவையின்ரை காணிக்குள்ளை போயிட்டுது.

பத்மாவதி: அந்தக் கட்டியை நீங்கள் காணேல்லை எண்டு விட்டால் என்ன பிள்ளை?

நிவேதனா: போத்தில் ஒண்டு அவருக்குப் போகுதெல்லோ அம்மா. என்ரை கண்ணை மூடலாம். அவையின்ரை போத்திலை என்ன செய்ய?

பத்மாவதி: ...ஹோண் அடிக்கிறான்.

நிவேதனா: போத்திலுக்குத்தான். நான் போறன். அம்மா, இந்தத் தண்ணியைப் பயிருக்கு விட்டிடாதையுங்கோ. எல்லாம் எரிஞ்சுபோகும்.

பத்மாவதி: விடமாட்டன்.

சுதாகரன்: விடமாட்டன்.

நிவேதனா: கேக்க முதலே முடிவெடுத்து வைச்ச மாதிரிச் சொல்லுறியள். ...வாறன்.

பத்மாவதி: உடுப்பிட்டியிலை எவடம் எண்டு சொல்லாமலே போட்டா.

சுதாகரன்: சொல்லுறதுக்கு எங்கடை மூஞ்சை பாக்கிற மாதிரியோ இருந்தது?

பத்மாவதி: போத்திலைக் குடுக்கிறா. வாங்கி வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாக்கிறான். சிரிக்கிறான்.

சுதாகரன்: நீங்கள் பாக்காதையுங்கோ.

பத்மாவதி: அவன்தான் போட்டவன்.

சுதாகரன்: ஆர்?

பத்மாவதி: கிடங்குக்காரன். வேறை ஆர்? நாங்கள் கள்ள வேலை செய்தம் எண்டு ஊருக்குக் காட்டத்தான் போட்டிருக்கிறான். அந்தப் பிள்ளைக்கு அது விளங்கேல்லை.

சுதாகரன்: ...அப்பிடியும் இருக்கலாம்.

பத்மாவதி: இருக்கலாம் என்ன? அதுதான். தண்ணி ஏற்கெனவே உப்பெண்டு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. எங்களுக்குத்தான் தெரியேல்லை. எங்கடை நாக்கு செத்துப்போச்சு எண்டு எங்களுக்கு ஆர் சொன்னது?

சுதாகரன்: ஒருத்தரும் சொல்லேல்லை.

பத்மாவதி: சொல்லியிருந்தால்...

சுதாகரன்: சொல்லியிருந்தால்?

பத்மாவதி: ஒண்டுமில்லை. நீ திங்கக்கிழமை வா. ரெண்டு பேரும் ஒரே கதை சொல்லவேணும். வேலி பாய்ஞ்சு வந்து போட்டவங்கள். சத்தம் கேட்டது எண்டு நீ சொல்லு.

சுதாகரன்: என்ன சத்தம்?

பத்மாவதி: நாய் குலைச்சது எண்டு சொல்லு.

சுதாகரன்: எங்களிட்டை ஏது நாய்?

பத்மாவதி: ஊர் நாய் குலைக்காதோ? எல்லாத்துக்கும் குறுக்கை வராதை. நம்பாட்டில் கூட்டத்து ஆக்களை இஞ்சை கூட்டிக்கொண்டு வருவன். இந்தக் கிணத்தடி வைரவருக்கு முன்னாலை கற்பூரம் கொளுத்தி அடிச்சு அணைச்சுச் சத்தியம் பண்ணுவன்.

சுதாகரன்: வேண்டாம் மச்சாள்.

பத்மாவதி: ஏன் வேண்டாம்?

சுதாகரன்: சத்தியம் பண்ணாதையுங்கோ.

பத்மாவதி: என்ரை கிணறு. என்ரை பிள்ளையின்ரை காணி. நான் பண்ணுவன்.

சுதாகரன்: கோபிகாவை நினைச்சுத்தான் சொல்லுறன். பொய்ச் சத்தியம் பிள்ளையிலை வந்து விழும்.

பத்மாவதி: பொய்யெண்டு ஆர் சொன்னது?

சுதாகரன்: வேண்டாம் எண்டால் விடுங்கோவன்.

பத்மாவதி: ஏன் எண்டு கேக்கிறன், சுதா.

சுதாகரன்: ...நான் கிளினிக்குக்குப் போகேல்லை.

பத்மாவதி: அது எனக்குத் தெரியும்.

சுதாகரன்: சுன்னாகத்துக்குப் போனனான். உப்பு வாங்க.

பத்மாவதி: ...

சுதாகரன்: கடைக்காரன் எதுக்கு எண்டு கேட்டவன். தென்னங்கண்டுக்கு எண்டு சொன்னன். எல்லாருக்கும் இண்டைக்குத் தென்னங்கண்டுதானோ எண்டு சிரிச்சவன். எனக்கு அது அப்ப விளங்கேல்லை.

பத்மாவதி: ...என்னட்டைச் சொல்லியிருக்கலாமே.

சுதாகரன்: சொன்னால் விட்டிருப்பியளோ? கிணத்துக்கு உப்புப் போடுறது பெத்த தாய்க்கு நஞ்சு வைக்கிற மாதிரி எண்டு நிண்டிருப்பியள். வைரவர் எண்டிருப்பியள். ரெண்டு மழை பெய்ஞ்சால் கழுவுப்பட்டுப் போயிடும், கிடங்கு நிண்டால் காணும் எண்டு நினைச்சன். இண்டைக்கு விடியச் செய்தனான், நீங்கள் எழும்ப முதல்.

பத்மாவதி: விடியவோ?

சுதாகரன்: ஓம். கண்டுபிடிக்கக் கூடாது எண்டு கட்டியெல்லாம் உலக்கையாலை இடிச்சு, வாளி வாளியாக் கரைச்சு, துணியிலை வடிச்சுத்தான் ஊத்தினனான். ஒரு பரலும் உள்ளை விழேல்லை. சாக்கைக் கொண்டுபோய் அடுப்பிலை வைச்சனான்.

பத்மாவதி: ...

சுதாகரன்: அப்ப அந்தக் கட்டி ஆர் போட்டது, மச்சாள்?